கர்ப்பத்தடையும் பிற்காலப் பிள்ளைப்பேறும்

(ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர்கள் சாதியைப் பற்றியும் சோதிடத்தைப் பற்றியும் விரிவாகப் பேசிவிட்டார்கள். நான் பேச எடுத்துக்கொண்ட சங்கதியோ, இது மேடையில் பேசத்தக்கதா என்று சில பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கக்கூடியதாகும். ஆனால் அடுப்பங்கரையிலும், தண்ணீர்க் குழாயடியிலும், ரேஷன் கடை வரிசையிலும் இதைப் பற்றிப் பேசாத பெண்கள் கிடையாது. அங்கே தவறாகப் பேசப்படுவதை இங்கே சரியாகப் பேசினால் யாருடைய மானம் போய்விடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சங்கதி என்னவென்றால், புதிதாகக் கல்யாணமான ஓர் ஆணும் பெண்ணும், "இப்பொழுது குழந்தை வேண்டாம், இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பெற்றுக்கொள்ளலாம்" என்று தீர்மானிக்கிறார்கள். ஹார்மோன் என்னும் சுரப்பு நீர் கலந்த மாத்திரையோ ஊசியோ அந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது அவளுக்கு அதில் இஷ்டமில்லை. ஆதலால் காப்பர் டி வைத்துக்கொள்ளலாமா, அல்லது ஆணுறை உபயோகிக்கலாமா என்று யோசிக்கிறார்கள். உடனே மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லோரும் கூடி, "அதை வைத்தால் கர்ப்பப்பை கெட்டுப்போகும், பிறகு எத்தனை கோயிலுக்குப் போனாலும் பிள்ளை தங்காது" என்று பயமுறுத்திவிடுகிறார்கள். இந்தப் பயம் மெய்யா பொய்யா என்பதே இன்றைய விசாரணை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய். ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் ஒரு மெய்யும் ஒளிந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். நான் வைத்தியனல்ல. பெரிய படிப்புப் படித்தவனுமல்ல. புத்தகங்களைத் தேடிப் படித்தும், தெரிந்த டாக்டர்களை நச்சரித்தும் அறிந்ததைச் சொல்லுகிறேன். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக நம்பாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ஹார்மோன் இல்லாத தடைகள் எவையென்று முதலில் பார்ப்போம். ஆணுறையை யாவரும் அறிவீர்கள். 1968-ல் நம் சர்க்கார் 'நிரோத்' என்று பெயரிட்டு மூன்று பதினைந்து காசுக்குக் கடைகளில் விற்கச் செய்தது. அது உடம்புக்குள் போகாத சாமான். கழற்றி எறிந்ததும் அதன் வேலை தீர்ந்தது. அது கர்ப்பப்பையைக் கெடுக்கும் என்பது, குடை பிடித்தவனுக்கு ஆயுளுக்கும் மழை பெய்யாது என்பது போன்ற பேச்சு. அன்றியும், பிற்காலப் பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் சில நோய்களைத் தடுப்பதும் அதுவேயாகும். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

அடுத்தது, லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களே கண்டுபிடித்த மாத்திரை. 1991-ல் 'சஹேலி' என்று கடைக்கு வந்தது. இன்று 'சாயா' என்ற பெயரில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இதில் ஹார்மோன் கிடையாது. சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். அதைக் கண்டு கர்ப்பமோ என்று கலங்குவார்கள். நிறுத்தினால் பிள்ளைப்பேறு திரும்பி வந்துவிடுகிறது.

தாய்ப்பாலும் ஒரு தடைதான். ஆனால் குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பியிருக்கக் கூடாது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அதை நம்பக் கூடாது. நாள் பார்த்துச் சேருவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை; நாள் பார்த்துக் கெட்ட குடும்பங்கள் நம் நாட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

நிற்க, காப்பர் டிக்கு வருவோம். பயமெல்லாம் அதன் தலையில்தான் சுமத்தப்படுகிறது. அது ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற சிறு பிளாஸ்டிக் துண்டு. அதன்மேல் செப்புக்கம்பி சுற்றியிருக்கும். அதைக் கர்ப்பப்பைக்குள் வைத்தால், செம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது ஆணின் விந்தணுவுக்கு விஷமாகிவிடுகிறது. ஆதலால் கரு உண்டாவதில்லை. பெண்ணின் சுரப்புகளில் அது கை வைப்பதில்லை. முட்டை மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கும். நூறு பெண்கள் ஒரு வருஷம் வைத்திருந்தால் அவர்களில் கர்ப்பமாகிறவர் ஒருவருக்கும் குறைவு. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஐந்து வருஷத்துக்கும் பத்து வருஷத்துக்குமாக இரண்டு வகை உண்டு. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். எடுத்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் கர்ப்பமாகிறார்கள். எந்தத் தடையும் உபயோகிக்காத பெண்களின் கணக்கும் ஏறக்குறைய அதுவே.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஒளிந்திருக்கும் மெய்யைச் சொல்லுகிறேன் என்றேனல்லவா, அது அமெரிக்காவில் நடந்தது. 1971-ல் ஒரு கம்பெனி 'டால்கன் ஷீல்ட்' என்னும் கர்ப்பப்பைச் சாதனத்தை விற்க ஆரம்பித்தது. அதில் செம்பு முக்கியமல்ல; அதன் வாலைக் கவனியுங்கள். எந்தச் சாதனத்துக்கும் எடுப்பதற்கென்று ஒரு நூல் வெளியே தொங்க வேண்டும். அந்தக் கம்பெனி வைத்த நூலோ, நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்து மேலே உறை போட்டது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல் அந்த நூல் கிருமிகளை மேலே கர்ப்பப்பைக்குள் இழுத்துவிட்டது. பெண்களுக்குச் சீழ் பிடித்தது, கருக்குழாய் அடைத்தது, சிலர் செத்தும் போனார்கள். 1974-ல் அமெரிக்காவில் விற்பனை நின்றது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்டார்கள். 1985-ல் அந்தக் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. லாபத்துக்கு ஆசைப்பட்டவன் பெண்ணின் உடம்பைப் பரீட்சைச்சாலை ஆக்கிய கதை இது. ஆகவே, விஞ்ஞானத்தின் பெயரால் எவன் எதை விற்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விபூதி விற்பவனைக் கேட்கும் கேள்வியை மருந்து விற்பவனையும் கேட்கத்தான் வேண்டும்.

நம் நாட்டிலும் ஒரு தப்பு நடந்தது. 1965-ல் 'லூப்' என்று ஒன்றைக் கொண்டுவந்து, இத்தனை பேருக்குப் போட வேண்டும் என்று கணக்கு வைத்து, அவசர அவசரமாகப் போட்டார்கள். போட்ட பிறகு இரத்தம் போகிறது, வலிக்கிறது என்று வந்தவர்களைச் சரியாகக் கவனிக்க ஆளில்லை. ஜனங்கள் மிரண்டார்கள். இன்றைக்குப் பாட்டிமார்கள் சொல்லும் கதைகளில் பாதி அந்த லூப் காலத்துக் கதைகள்தான். பாட்டிமார்களைப் பரிகாசம் செய்ய எனக்கு மனமில்லை. அவர்கள் கண்ட கஷ்டம் மெய்.

ஆனால் இன்றுள்ள காப்பர் டியின் நூல் ஒற்றை இழை. திரிபோல் உறிஞ்சாது. அப்படியும் டாக்டர்கள் சும்மா நம்பிவிடவில்லை. மெக்ஸிகோ நகரத்தில் 1997 முதல் 1999 வரையில் 1,895 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்து, 2001-ல் வெளியாயிற்று. முன்பு கர்ப்பமே ஆகாத பெண்களில் கருக்குழாய் அடைத்தவர்கள் ஒரு பக்கம். குழாய் அடைக்காமல் வேறு காரணத்தால் பிள்ளையில்லாதவர்களும், முதல் கர்ப்பம் தரித்தவர்களும் மறுபக்கம். இவர்களில் யார் யார் முன்பு காப்பர் டி வைத்திருந்தார்கள் என்று விசாரித்தார்கள். காப்பர் டி குழாயை அடைக்கிறதென்றால், அடைத்தவர்கள் பக்கம் காப்பர் டிக்காரர்கள் அதிகம் இருக்க வேண்டுமல்லவா? இல்லை. இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எது அதிகம் இருந்தது தெரியுமா? 'க்ளமிடியா' என்னும் கிருமி எப்பொழுதோ வந்துபோனதற்கான அடையாளம், குழாய் அடைத்தவர்களின் இரத்தத்தில் அதிகம் இருந்தது.

தோழர்களே! பெண்ணின் பிள்ளைப்பேற்றுக்கு மெய்யான சத்துரு யாரென்று இப்பொழுது விளங்கும். அந்தக் கிருமி சேர்க்கையின் வழியாக வருகிறது. அநேகமாகப் பெண்ணுக்கு வலி இராது, காய்ச்சல் இராது. சத்தமில்லாமல் குழாயைக் கெடுத்துவிட்டுப் போகும். வெளியூருக்கு வேலைக்குப் போன புருஷன் அதைச் சம்பளத்தோடு கொண்டுவந்து சேர்ப்பான். பழி மட்டும் காப்பர் டியின் மேல் விழும். நம் நாட்டில் இன்னொரு சத்துரு க்ஷயரோகம். அது நுரையீரலுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். கருக்குழாயிலும் கர்ப்பப்பையிலும் வந்து உட்கார்ந்து, இருமலே இல்லாமல் பிள்ளைப்பேற்றை அழிக்கும். அதற்கு மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம்.

மூன்றாவது சத்துருவைச் சொல்ல எனக்கே வேதனையாக இருக்கிறது. காப்பர் டிக்குப் பயந்து ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் இருக்கிறாள் ஒரு பெண். வேண்டாத சமயத்தில் கர்ப்பமாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் பேசும் என்று, ரகசியமாக ஒருத்தியிடம் போகிறாள். அவள் எருக்கங்குச்சியோ வேறு எதையோ உள்ளே வைக்கிறாள். சீழ் பிடித்துக் குழாய் அடைத்துக்கொள்கிறது, உயிர் தப்பினால். பிள்ளைப்பேறு போய்விடும் என்ற பயத்தால் தடையை விட்டவள், அந்தப் பயத்தின் காரணமாகவே பிள்ளைப்பேற்றை இழக்கிறாள். கர்ப்பத்தைக் கலைப்பதற்கு 1971-லேயே சட்டம் இருக்கிறது. 2021-ல் அதை இன்னும் தளர்த்தியிருக்கிறார்கள். தகுதியுள்ள டாக்டரிடம் போனால் எருக்கங்குச்சிக்கு என்ன வேலை?

சிலர் எதிர்க்கேள்வி கேட்பார்கள். "என் சித்தி மகள் காப்பர் டி வைத்தாள், பிறகு எடுத்தாள், நாலு வருஷமாகக் குழந்தையில்லை, இதற்கென்ன சொல்லுகிறாய்?" என்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நினைத்துப் பாருங்கள் என்பேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்பொழுதாவது பிள்ளையின்மையால் கஷ்டப்படுகிறார். எதையும் வைக்காதவர்களிலும் அந்த ஆறில் ஒருவர் உண்டு. அவர்களைப் பார்த்து எவரும் 'ஒன்றும் வைக்காததால் கெட்டாள்' என்று சொல்வதில்லை. இன்னொன்று வயது. இருபத்தெட்டில் முதல் குழந்தை பெற்று, காப்பர் டி வைத்து, முப்பத்தேழில் எடுத்தால், தாமதமாவது செம்பினாலல்ல, ஒன்பது வருஷத்தினால். முப்பத்தைந்துக்கு மேல் முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன. தள்ளிப்போட நினைக்கிறவர்கள் காப்பர் டியைக் கண்டு பயப்பட வேண்டாம், காலண்டரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்லக்கூடிய எச்சரிக்கை.

அப்புறம் ஆண். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் குறை இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். உடம்பில் கத்தி படாது, ஊசி படாது. இருந்தும் அதைச் செய்துகொள்ளாமல், பெண்ணை மட்டும் ஸ்கேனுக்கும், இராமேசுவரத்துக்கும், நாகதோஷப் பரிகாரத்துக்கும் வருஷக்கணக்காக அலைக்கழிக்கும் சூரர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். அரச மரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறோமே, அவளைச் சுற்ற அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி ஏன் ஒரு பழமொழியும் இல்லை?

இனி எனக்கு வெகு நாளாக விளங்காத ஓர் அதிசயத்தைச் சொல்லுகிறேன். வேண்டும்போது எடுக்கக்கூடிய காப்பர் டியைக் கண்டு நடுங்கும் அதே குடும்பம், இரண்டாவது குழந்தை பிறந்ததும், முப்பது வயது ஆகாத பெண்ணைக் கொஞ்சமும் தயக்கமின்றிக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அனுப்பிவிடுகிறது! 2019–21 வருஷத்தைய சர்க்கார் சர்வேயின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷனோ ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கிறது. ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இனி வேண்டாமென்று நன்றாகத் தீர்மானித்தவளுக்கு அது நல்லதே. ஆனால் பிள்ளைப்பேற்றை நிஜமாகவே நிறுத்துவது அதுதான். பயப்பட வேண்டிய இடத்தில் பயமில்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26-ந் தேதியை நாகப்பட்டினம் கடற்கரை மறக்காது. அன்று காலையில் கடல் எழுந்து வந்து, இரண்டும் மூன்றுமாக இருந்த குழந்தைகளை ஒரே நாழிகையில் வாரிக்கொண்டு போயிற்று. அந்தத் தாய்மார்களில் அநேகர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மடியும் காலி, வழியும் அடைப்பு. அறுத்த குழாயை மறுபடி சேர்க்கும் ஆபரேஷனுக்குச் செலவைத் தானே ஏற்பதாகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. சிலருக்குப் பலித்துக் குழந்தை பிறந்தது. சிலருக்குப் பலிக்கவில்லை. குழாயை முன்பு எப்படி அறுத்தார்கள், எவ்வளவு மிச்சமிருக்கிறது, பெண்ணின் வயதென்ன என்பதைப் பொறுத்த விஷயம் அது. அந்தத் தாய்களில் ஒருத்தியிடமாவது அவளுடைய இருபத்தைந்தாவது வயதில், "அம்மா, பத்து வருஷம் தடுக்கக்கூடியது, வேண்டும்போது எடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது, எது உனக்கு இஷ்டம்?" என்று யாராவது உட்கார்ந்து நிதானமாகக் கேட்டிருப்பார்களா?

இந்தக் கேட்பது என்பது முக்கியம். பிரசவமான மேஜையிலேயே, கேட்டும் கேட்காமலும் காப்பர் டியை வைத்து அனுப்பிவிடுகிறார்கள் என்று சில பெண்கள் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். நல்ல சாமானானாலும் கேட்காமல் வைப்பது அக்கிரமம். பிற்பாடு வயிற்றுவலி வந்து, ஸ்கேன் எடுத்து, "உள்ளே ஏதோ இருக்கிறது" என்று தெரியவரும்போது, அந்தப் பெண்ணும் அவளுடைய தெருவும் காப்பர் டியைப் பற்றி எப்படி நல்லது பேசும்? ஒரு காலத்தில் ஜனத்தொகை பெருத்துவிட்டது என்று பெறாதே என்றார்கள். இப்பொழுதோ குறைந்தால் பார்லிமெண்டில் ஸ்தானம் குறைந்துவிடும், பெறு என்று மேடைகளில் பேசுகிறார்கள். பெண்ணின் வயிறு என்ன வாக்காளர் ஜாபிதாவா, இவர்கள் இஷ்டத்துக்குச் சேர்க்கவும் நீக்கவும்?

காப்பர் டியினால் கெடுதலே இல்லையா என்றால், உண்டு. முதல் மூன்று நான்கு மாதம் மாதவிடாயில் இரத்தம் அதிகம் போகும், வயிற்றை இழுத்துப் பிடிக்கும். நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். அவர்களுக்கு இது சின்னச் சங்கதியல்ல. இரத்தத்தைப் பரிசோதித்து, இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட வேண்டும். தாங்க முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டும். வைத்த முதல் இருபது நாட்களில் சீழ்பிடிக்கும் அபாயம் சிறிது அதிகம். முன்பே கீழே இருக்கும் கிருமி வைக்கும்போது மேலே தள்ளப்படுவதே காரணம். ஆதலால்தான் வெள்ளைப்படுதல், துர்நாற்றம், அடிவயிற்றுவலி இருந்தால் முதலில் அதற்கு மருந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம் வைக்கச் சொல்லுகிறார்கள். அந்த நாட்கள் கழிந்தபின் அபாயம் மற்றப் பெண்களுக்கு உள்ளதுபோல்தான்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சில துண்டுச் சீட்டுகள் வந்திருக்கின்றன. பெயரில்லாதவை, அதுவும் நல்லதுதான்.

"காப்பர் டி மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமாமே?" என்கிறது ஒன்று. நெஞ்சுக்குப் போக வழி கிடையாது. ஆயிரத்தில் ஒருவருக்கு வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போகக்கூடும். அதைச் சின்ன ஆபரேஷனால் எடுப்பார்கள். மாதவிடாய்க்குப் பிறகு நூல் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுப்படவில்லை என்றாலும், மாதவிடாய் நின்றுபோனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"ஒரு குழந்தையும் பெறாதவள் வைக்கலாமா, டாக்டரம்மா மாட்டேன் என்கிறார்களே?" என்று மற்றொன்று. வைக்கலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதிகளில் அதற்குத் தடையில்லை. தானாக வெளியே வந்துவிடுவது கொஞ்சம் அதிகம், அவ்வளவே. ஒரு டாக்டரம்மா மறுத்தால், ஏன் என்று காரணம் கேளுங்கள். காரணம் சரியாக இல்லாவிட்டால் இன்னொருவரிடம் போங்கள்.

"அந்தரா ஊசி போட்டுக்கொண்ட என் தங்கைக்கு எட்டு மாதமாகியும் தங்கவில்லையே?" என்கிறது ஒன்று. அது ஹார்மோன் ஊசி. நிறுத்திய பிறகு பிள்ளைப்பேறு திரும்ப ஏழு முதல் பத்து மாதம் வரை பிடிக்கும் என்று ஊசி போடும்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பர் டியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தங்கையைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷம் தாண்டினால் அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்தே டாக்டரிடம் போகட்டும்.

கடைசிச் சீட்டு. "குழந்தை வேண்டுமென்றால் எத்தனை மாதத்துக்கு முன்னால் காப்பர் டியை எடுத்து, கர்ப்பப்பைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறது. ஓய்வு ஒன்றும் வேண்டியதில்லை. நர்ஸம்மா ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவார். அந்த மாதமே கர்ப்பமாகலாம். ஆகையால் எடுக்கப் போவதற்கு முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வாங்கித் தினம் ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்துவிடுங்கள்; அதுவும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும்.